ஒரு காலுக்காகப் பூனாவரை

பம்பாய்க்கு வந்த புதிதில் என்னை மிகவும் குழப்பியது இந்தியில் உள்ள ‘கல்’ என்ற சொல். நேற்றும் கல், நாளையும் கல். மாட்டுங்காவில் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டுப் போய்க் கேட்டால் தையல்காரர் ‘கல்’ என்பார். நேற்றே தைத்துவிட்டாரா, நாளைக்குத்தான் தைப்பாரா என்பதை அவர் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்கள் சிரிக்கலாம், சிரியுங்கள். பதினாறு வருஷம் இங்கே குப்பை கொட்டி, இந்தியில் சண்டை போடுகிற அளவுக்குத் தேறிய பிறகும், அதற்குத் தம்பி முறையான இன்னொரு சொல்லால் நானும் காதர் பாயும் இரண்டரை நாள் வெறும் டப்பாவோடு நடந்திருக்கிறோம்.

நடந்தது ஞானமுத்துவுக்காக. தாராவியில் எனக்கு அடுத்த வீடு, திருநெல்வேலிப் பக்கம் அடுத்த ஊர். செம்பூரில் ஒரு சேட்டின் பட்டறையில் லேத் மிஷின் முன்னால் நாள் முழுக்க நின்று வேலை பார்த்தவன். குர்லாவில் வண்டி மாறுவதற்காகப் படியில் தொங்கிக்கொண்டு போனவன் தண்டவாளத்தில் விழுந்து, இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தான். சேட்டு கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளோடு வந்தார். ஆனால், நாலு மாதம் கழித்து ஒன்றாம் தேதி நின்று வேலை செய்ய வந்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவேன் என்றும் சொல்லிவிட்டுப் போனார். பூனாவில் கால் செய்கிற ஓர் இடத்தில் அளவெடுத்து, காலும் தயாராகிவிட்டது. மீதிப் பணம் கட்டினால்தான் மாட்டிவிடுவார்கள். தாராவியில் எல்லோரும் ஆஸ்பத்திரிச் செலவுக்கே கொடுத்து ஓய்ந்திருந்தார்கள். மறுபடி அவர்களிடம் கையேந்தவேண்டாம் என்று ஞானமுத்துவே தடுத்துவிட்டான்.

நடக்கிற யோசனை காதர் பாயுடையது. மேலப்பாளையத்துக்காரர், தோல் பை தைக்கிற சிறிய பட்டறை வைத்திருந்தார். அணுசக்தி நகரில் அவரிடம் பை வாங்குகிற ஓர் என்ஜினியர், வெளிநாட்டில் யாராவது தர்ம காரியத்துக்காக மைல் கணக்கில் நடந்தால் மற்றவர்கள் பணம் கொடுப்பார்கள் என்று சொல்லியிருக்கிறார். நாம் நடப்பதற்கு எந்தப் பைத்தியக்காரன் காசு கொடுப்பான் என்று நான் கேட்டேன்.

“நாங்க நாகூருக்கு நடக்கோம், நீங்க வேளாங்கண்ணிக்கு நடக்கிய. ஞானமுத்துக்கு நடந்தா காலு தேஞ்சா போவும்?” என்றார் காதர் பாய்.

‘ஒரு காலுக்காக நடக்கிறோம்’ என்று தமிழில் எழுதி, இந்தியில் துணி பேனர் எழுதச் சொல்லிப் பெயிண்டரிடம் கொடுத்தேன். தமிழர்தான், ஆனால் தாராவியிலேயே பிறந்து இந்தியில் படித்தவர். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். எங்களுக்கோ இந்தி பேச வருமே தவிர வாசிக்க வராது. சிவப்பு எழுத்து அழகாக இருக்கிறது என்று பாராட்டிக் காசு கொடுத்து வாங்கி வந்தோம்.

பேனரை இரண்டு கம்பில் கட்டி ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, ஓட்டை போட்ட டால்டா டப்பாவோடு கிளம்பினோம். செம்பூரில் சிலர் பேனரைப் படித்துவிட்டுச் சட்டென்று ஒதுங்கினார்கள். ஒரு கடைக்காரர் கன்னத்தில் போட்டுக்கொண்டு கதவைப் பாதி சாத்தினார். பன்வேல் தாண்டியும் அதே கதைதான். எனக்குப் பழைய பயம் வந்துவிட்டது. நான் இந்த ஊருக்கு வந்த சமயம் மராத்திக்காரர்கள் மதராசிகளை அடித்துக்கொண்டிருந்த சமயம். வேட்டியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு, ரயிலில் யாராவது நேரம் கேட்டால்கூட வாய் திறக்காமல் கடிகாரத்தைக் காட்டியிருக்கிறேன். அந்த வெறுப்புத்தான் இன்னும் தீரவில்லை, இவர்கள் மண்ணில் நடந்து இவர்களிடமே கேட்கிறோமே என்று நினைத்துக்கொண்டு நடந்தேன். திரும்பிவிடலாம் என்று காதர் பாயிடம் இரண்டு தடவை சொன்னேன். அவர் கம்பைக் கீழே வைக்கவில்லை.

கோப்போலியில், மலைப்பாதை தொடங்குகிற இடத்தில், ஒரு மராத்திப் பெண்மணியின் டீக்கடையில் உட்கார்ந்தோம். அந்த அம்மாள் பேனரை எழுத்து எழுத்தாக வாசித்துவிட்டு இரக்கத்தோடு கேட்டார்.

“கால் கோண் வாரலா?”

‘கால்’ என்று காதில் விழுந்ததும் எனக்கு உயிர் வந்தது. தமிழே புரிந்துவிட்டதாக நினைத்து, ஆமாம் ஆமாம், ஞானமுத்து, ஞானமுத்து என்று தலையாட்டினேன். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார், டீக்குக் காசு வேண்டாம் என்றார், சின்னப் பிள்ளைகள் உண்டா என்று கேட்டார். காதர் பாய்க்குத்தான் சந்தேகம் தட்டியது. இந்தியில் அந்த அம்மாளைத் துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் வெளியே வந்தது. மற்றதை இந்தியாக்கிய பெயிண்டர், ‘கால்’ என்பதை மட்டும் அப்படியே இந்தி எழுத்தில் கால் என்று எழுதி வைத்திருக்கிறார். மராத்தியில் கால் என்றால் நேற்று. இந்தியிலோ காலன், அதாவது எமன். செம்பூரில் நாங்கள் எமனுக்கு வசூல் செய்திருக்கிறோம். இங்கே, நேற்று யார் செத்தது என்று அந்த அம்மாள் கேட்க, ஞானமுத்து என்று நானே அவனுக்குக் காரியம் முடித்துவிட்டேன்.

காதர் பாய் தன் கெண்டைக்காலைத் தட்டிக் காட்டினார். அந்த அம்மாள் “பாய்?” என்றதும், தன்னைத்தான் கூப்பிடுகிறார் என்று காதர் பாய் நிமிர்ந்தார். மராத்தியில் காலுக்கு அதுதான் சொல்லாம். அந்த அம்மாள் சிரித்த சிரிப்பில் அடுப்படியிலிருந்து அவர் புருஷன் எட்டிப் பார்த்தார். பிறகு அந்த அம்மாளே அடுப்புக் கரியை எடுத்து, பேனரில் இருந்த எமனை அடித்துவிட்டு, பக்கத்தில் ‘பாய்’ என்று பெரிதாக எழுதி, டப்பாவில் முதல் நோட்டையும் அவரே போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. யாரும் எங்களை வெறுக்கவில்லை. எமனுக்குக் காசு போட யாருக்கு மனம் வரும்? அந்தக் காலத்து அடி பொய்யில்லைதான். ஆனால் அதைப் பதினாறு வருஷமாகப் பார்க்கிற முகத்தில் எல்லாம் ஒட்டிக்கொண்டு திரிந்தவன் நான். பம்பாயில் இருந்தேனே ஒழிய, மகாராஷ்டிரத்தில் ஒருநாள்கூட இருந்ததில்லை.

மலைப்பாதையில் லாரிகள் எங்கள் நடைக்குச் சமமாகத்தான் ஊர்ந்தன. டிரைவர்கள் பேனரைப் படித்துவிட்டு, வண்டியை நிறுத்தாமலே கையை நீட்டி டப்பாவில் போட்டார்கள். மேலே ஏற ஏற டப்பா கனத்தது. இருவரும் மாற்றி மாற்றிச் சுமந்தோம்.

பூனாவில் ஞானமுத்துவும் அவன் மனைவியும் ரயிலில் வந்து காத்திருந்தார்கள். பணம் போதுமானதாக இருந்தது. அன்றைக்கே கால் மாட்டினார்கள். இரண்டு கம்பிகளுக்கு நடுவே அவன் வேர்த்து நின்றான். வலது காலை எடுத்து வைத்தான், இடது வரவில்லை. எதிரே நின்று பழக்கிய மராத்திக்காரர் “சலா, சலா” என்று நடக்கச் சொன்னார். கால் வந்தது.

“ஏல, இதுக்குத் தமிழ் தெரியாதுல. அவர் சொன்னாத்தான் கேக்கு” என்றான் ஞானமுத்து.

மூன்று வாரம் அங்கேயே தங்கி நடந்து பழகியவனோடு, ஒன்றாம் தேதி காலை பட்டறை வாசல்வரை நானும் கூடப் போனேன். கம்பு இல்லாமல், முணுமுணுத்துக்கொண்டே உள்ளே நடந்தான். வலது காலுக்கு நம்மூர் “வால”, இடது காலுக்கு மராத்தி “சலா”. சேட்டு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, யாரோடு பேசுகிறாய் என்று கேட்டார். ஞானமுத்து லேத் மிஷினைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நின்றான். ரெண்டும் வேற வேற ஊர் சேட், தனித்தனியாகச் சொன்னால்தான் சேர்ந்து வருகின்றன என்று இந்தியில் சொல்லிவிட்டு, சுவிட்சைப் போட்டான்.