ஆணியில் ஒரு வெள்ளை

டிரெய்லரின் படியில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றுகிறார் வில்ஃப் ட்ரான்டர். இரண்டையும் சக்கரத்தோடு ஒட்டி வைத்துவிட்டு, பெருவிரல் எட்டிப் பார்க்கும் சாம்பல் காலுறையோடு உள்ளே ஏறுகிறார். கூரை தாழ்வு. உள்ளே குனிந்து குனிந்து பழகி, வெளியே வந்த பிறகும் கொஞ்ச தூரம் குனிந்தபடியே நடப்பார்.

"என் சமையல்கட்டுக்குள்ள சேத்தோட வருவாரு," என்பார் மனைவி பெரில், வேலிக்கு அந்தப் பக்கம் யார் நின்றாலும். "சர்ச்சுக்கே பூட்ஸோடதான் போவாரு. இதுக்குள்ள ஏறத்தான் இவ்வளவு பக்தி."

போர்க்காலத்தில் பிரிட்டிஷ் ராணுவம் லாரிக்குப் பின்னால் கட்டி இழுத்துப்போன பட்டறை அது. நான்கு சக்கரம், தகரக் கூரை, இறக்கை மாதிரி தூக்கி நிறுத்தும் பக்கக் கதவுகள். உடைந்த வண்டியை வயலோரத்திலேயே சரிசெய்து அனுப்புவதற்காகக் கட்டியது. போர் முடிந்ததும் இங்கிலாந்தில் லட்லோவுக்கு மேற்கே ஓர் ஆட்டுப் பண்ணைக்கு வந்து, கோழிக்கூடாகி, கடைசியில் ஒன்றுமில்லாமல் நின்றது. வில்ஃப் கண்டுபிடித்தபோது உள்ளே ஒரு எல்டர் மரம் முளைத்துக் கூரை வழியாக ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது. "மரத்துக்குத்தான் காசு வாங்கினாங்க, டிரெய்லர் இனாம்," என்பார். இரும்பைக் கடையும் லேத், துளை போடும் எந்திரம், கவ்விப் பிடிக்கும் வைஸ் எல்லாம் பிறகு ஊர் ஊராய் அலைந்து சேர்த்தவை.

சேர்த்த விதம் தனி. ஒரு பொருளைக் காட்டினால் முதலில் பல்லிடுக்கில் காற்றை உள்ளே இழுப்பார்: ஸ்ஸ்ஸ். தலை இடப்பக்கம் சாயும். ஒரு கண் சுருங்கும். அதன் பிறகுதான் வாய் திறக்கும்: "எந்த வருசத்துது?" போருக்குப் பிந்தியது என்றால் கதை முடிந்தது. ஒருவர் பாவம், ஹெரெஃபோர்டிலிருந்து புத்தம்புதிதாகப் பளபளக்கும் வைஸ் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார். அடியில் நாற்பத்தேழு என்று பொறித்திருந்தது. வில்ஃப் அதை ஒரு குழந்தையைப் போலத் தடவிக்கொடுத்துவிட்டுத் திருப்பி நீட்டினார். "நல்ல வைஸ்தான். ஆனா இதுக்குப் போர்னா என்னன்னே தெரியாதே." பெரிலுக்கு இடுப்பு மூட்டு மாற்றியபோது மருத்துவரிடமும் இதே கேள்வியைக் கேட்டாராம். பெரில் சொல்வதுதான், நம்புவதும் நம்பாததும் நம் பாடு.

வண்ணத்துக்காக ஒரு குளிர்காலம் முழுதும் உப்புத்தாளை நனைத்து உள்ளங்கை அகல இடத்தைத் தேய்த்தார். பண்ணைச் சிவப்பு போய்த் தார்க் கறுப்பு வந்தது, கறுப்பு போய் ஒரு நீலம் வந்தது, நீலத்துக்கு அடியில் மந்தமான பச்சைப் பழுப்பு. அதைக் கண்ட அன்று சாப்பாட்டு மேசையில் பெரிலின் அவரை விதைகளை ஒவ்வொன்றாய் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அந்த நிறம் அதில் இருந்ததாம்.

ஆனால் எல்லாவற்றுக்கும் வேதம் ஒரு புகைப்படம். லண்டன் ஆவணக் காப்பகத்தில் தேடி எடுத்துப் பெரிதாக்கிய நகல். பிரான்சில் ஏதோ ஒரு பழத்தோட்டம். முன்னால் ஒரு சமையல்காரச் சிப்பாய் அண்டாவைக் கிண்டிக்கொண்டே சிரிக்கிறான். அவன் சிரிக்கிறான் என்பது வில்ஃபுக்குத் தெரியாது. அவர் பார்ப்பது அவன் தோளுக்குப் பின்னால் நிற்கும் டிரெய்லரை மட்டும், தம்முடையதற்கு அச்சு அசலான ஒன்றை. அதில் கதவோரத் தூணில் ஓர் ஆணி. ஆணியில் தொங்குகிறது ஒரு வெள்ளை. வெள்ளையான, ஓரம் கோணலான ஏதோ ஒன்று. அவ்வளவுதான் தெரிகிறது. வில்ஃப் தம் டிரெய்லரிலும் அதே தூணில், அதே உயரத்தில் ஓர் ஆணி அடித்தார்.

அந்த வெள்ளைதான் அவர் தூக்கத்தைத் தின்றது. பழைய ராணுவ வண்டிக்காரர்கள் சங்கத்தின் கோடைக் கண்காட்சியில் 'அன்றிருந்தபடி' என்றொரு கோப்பை உண்டு. அன்று எப்படி இருந்ததோ அப்படியே மீட்டெடுத்த வண்டிக்குத் தருவது. வில்ஃப் வாழ்க்கையில் ஆசைப்பட்ட ஒரே கோப்பை. போன வருடம் நடுவர் சீவர்ட், குச்சியில் கட்டிய கண்ணாடியை அச்சுக்கு அடியில் விட்டுப் பார்த்துக் குறை ஒன்றும் காணாமல் நிமிர்ந்தவர், போகிற போக்கில் கேட்டார்: "இந்த ஆணி எதுக்கு, மிஸ்டர் ட்ரான்டர்?" "படத்துல இருக்கே," என்றார் வில்ஃப். கோப்பை ஒரு மோட்டார் சைக்கிளுக்குப் போயிற்று. அதன் பிறகு அந்த ஆணியில் அறிவிப்பு அட்டை தொங்கியது, கடித உறை தொங்கியது. இந்த வருடம் ஒரு வெள்ளை எனாமல் மக். கைப்பிடியில் மாட்டியது. நாற்பத்துமூன்றாம் வருடத்து மக்.

"சமைக்காத சமையல்கட்டு" என்று டிரெய்லருக்குப் பெயர் வைத்தவர் ஐவர் ப்ரோபர்ட். எல்லைக்கு அப்பால், வேல்ஸில் ஆடு வளர்க்கிறவர், ஒரு பழைய ராணுவ லாரிக்குச் சொந்தக்காரர். அவர் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஜெனரேட்டர் ஓடும், லேத் சுழலும், ஆனால் வெட்டும் டூல் இரும்பைத் தொடாது. டூல்கள் போர்க்கால மெழுகுத்தாளுக்குள்ளேயே உறங்குகின்றன. பெரிலின் தோட்டக் கதவு கீல் உடைந்து இரண்டு வருடமாகக் கம்பியில் தொங்குகிறது. எண்ணெய்க் கந்தைக்கும் உள்ளே இடமில்லை. முப்பது வருடம் பஸ் டிப்போவில் கந்தையோடு வாழ்ந்த மனிதர், இப்போது கந்தைகளை டப்பாவில் போட்டு மூடிக் காரின் டிக்கியில் வைத்திருக்கிறார்.

இந்த ஜூனில், கண்காட்சி நாள் காலை, ஐவர் புல்வெளியைக் கடந்து ஓடிவந்தார். ஓடுகிற உடம்பு அல்ல அது.

"கிளட்ச் பின் உடைஞ்சு போச்சுடா. மிதிச்சா கால் தரைக்குப் போகுது. ஒண்ணு கடைஞ்சு குடு."

ஸ்ஸ்ஸ். தலை சாய்ந்தது. "எந்த வருசத்துது அந்தப் பின்?"

"நேத்து வரைக்கும் நல்லாயிருந்த வருசத்துது. பன்னெண்டு மணிக்கு ஊர்வலம். இத்தன வருசம் கழிச்சு இப்பத்தான் முன்வண்டி என் பேருக்கு விழுந்திருக்கு."

"மூணு மணிக்கு சீவர்ட் வர்றாரு, ஐவர். டூலு இன்னும் பிரிக்காம இருக்கு. பெயின்ட்டுல ஒரு கீறல் கிடையாது."

"தெரியும்."

"வேற யாருகிட்டயாவது கேட்டுப் பாரேன்."

"யாருகிட்ட? இந்த மைதானத்துல பீரங்கி கொண்டுவந்தவன் இருக்கான். டாங்கி கொண்டுவந்தவன் இருக்கான். லேத் கொண்டுவந்தவன் நீ ஒருத்தன்தான்."

பெரில் மடக்கு நாற்காலியில் கேக் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தி நின்றது.

வில்ஃப் உடைந்த பின்னின் இரு துண்டுகளை உள்ளங்கையில் சேர்த்துப் பார்த்தார். பிறகு ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தார். படியேறினார்.

"பூட்ஸு," என்றார் பெரில்.

அவர் காதில் விழவில்லை. புதிய தரைப்பலகையில் சேற்றுத் தடம் ஒன்றன்பின் ஒன்றாக லேத் வரை போயிற்று. மெழுகுத்தாளை மடிப்பு கிழியாமல் பிரித்தார், அதுவரைதான் நிதானம். அதற்குப் பிறகு பஸ் டிப்போக்காரர். இரும்புக் கம்பியை லேத்தின் பிடியான சக்கில் கடிக்கவைத்தார். டூல் தொட்டது. டிரெய்லர் முழுவதும் நடுங்கியது. நீல இரும்புச் சுருள் ஒன்று நெளிந்து எழுந்து, பச்சை வண்ணத்தின் மேல் சொட்டும் எண்ணெயோடு விழுந்தது. அந்த நடுக்கத்தில் ஆணியிலிருந்த மக் கழன்று உருண்டு, புல்லில் போய் நின்றது. பெரில் அதை எடுத்து ஊதிவிட்டுத் தமக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டார்.

"அளவு சரியா இருக்கா?" என்றார் ஐவர், எட்டிப் பார்த்து.

"மூஞ்சிய எடு. வெளிச்சம் மறைக்குது."

"முறைச்சிக்கிறான் பாரு. இவன டிப்போவுல எப்படித்தான் வேலைக்கு வெச்சிருந்தாங்க?"

"உன்ன மாதிரி ஆளு உள்ள வராம காவல் போட்டிருந்தாங்க."

பின்னைக் கடைந்து, குறுக்கே துளை போட்டு, சூட்டோடு ஐவரின் கையில் வைத்தார். ஐவர் அதை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டே ஓடினார்.

வில்ஃபின் கைகள் மணிக்கட்டு வரை கறுப்பு. கந்தை டப்பாவோ காரின் டிக்கியில், கார் மைதானத்தின் மறுகோடியில். பெரில் கேக்கை மூடிவந்த வெள்ளைத் துணியை உதறி நீட்டினார். "இந்தா கண்ணு, இதுல தொடை. எப்படியும் பழசு." துடைத்தார். நிமிராமலே கையை வலப்பக்கம் நீட்டி, கதவோரத் தூணில் அதை மாட்டிவிட்டு, சுருள்களைக் கூட்டக் குனிந்தார்.

"வில்ஃப்," என்றார் பெரில். "அங்கயே இரு. அதத் தொடாத."

கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த புகைப்படத்தைப் பெரில் விரலால் தட்டினார். வில்ஃப் படத்தைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார். அதே ஆணி. அதே தொங்கல். ஓரத்தில் அதே கோணல்.

"டிப்போவுல உன் பெஞ்சு பக்கத்துல ஒரு ஆணி இருந்துச்சே," என்றார் பெரில். "அதுல என்னப்பா தொங்கிச்சு?"

"கை தொடைக்கிற கந்தை," என்றார் வில்ஃப். பன்னிரண்டு மணிக்கு ஐவரின் லாரி முன்னால் போனது. இந்தப் பக்கம் வந்தபோது ஹார்னை வேண்டுமென்றே நீளமாக அழுத்தினார். வில்ஃப் அதற்கும் திரும்பவில்லை. பெரிலின் தோட்டக் கதவுக்குக் கீல் கடைந்துகொண்டிருந்தார்.

மூன்று மணிக்குக் கண்ணாடிக் குச்சியோடு சீவர்ட் வந்தார். சேற்றுத் தடத்தைப் பார்த்தார். எண்ணெய்ச் சொட்டைப் பார்த்தார். பிரித்த மெழுகுத்தாளைப் பார்த்தார். ஆணியைப் பார்த்தார், கொஞ்சம் கூடுதல் நேரம். பிறகு கைகுலுக்கக் கையை நீட்டினார்.

வில்ஃப் தம் கையைப் பார்த்தார். ஆணியிலிருந்து துணியை எடுத்து, விரல் விரலாகத் துடைத்து, இருந்த இடத்திலேயே திரும்ப மாட்டி, ஓரத்தை லேசாகக் கோணலாக்கிவிட்டு, அதன் பிறகு கையைக் கொடுத்தார்.