கொதிகலனில் சுஜாவின் குரல்

ராயபுரத்தில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் சுஜா இருபத்திரண்டு வருஷமாக வேலை பார்க்கிறாள். துறைமுகத்துக்குள் போகும் கன்டெய்னர்களுக்குக் காகிதம் தயார் செய்வது அவள் பொறுப்பு. அங்கே அவள் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை.

காசிமேட்டில் வலைக்கயிறு வியாபாரம் செய்யத் தெற்கே நாசரேத்திலிருந்து வந்த குடும்பம் அவளுடையது. 1997இல், இருபத்தோரு வயதில், பக்கத்துத் தெரு பெனிட்டோவோடும் திருவொற்றியூர் அபினோடும் சேர்ந்து ‘கொதிகலன்’ என்ற பேண்டை ஆரம்பித்தாள். பெனிட்டோ கிடார், அபின் டிரம்ஸ், சுஜா குரல். மெட்டு என்று ஒன்றும் கிடையாது. கிடார் ரம்பம் போல அறுக்கும், டிரம்ஸ் இடிக்கும், அதற்கு மேலே அவள் கப்பல்களின் பெயர்களைக் கத்துவாள். ஞாயிறு மத்தியானங்களில் அப்பாவின் கயிறு குடோனில் முப்பது நாற்பது பேர் கூடுவார்கள். காதைப் பொத்திக்கொண்டு கேட்பார்கள்; மறுவாரமும் வருவார்கள். அபின் வீட்டு ஹாலில் பதிவு செய்து ஒரே ஒரு கேசட் வெளியிட்டார்கள். 99இல் பெனிட்டோ வேலை கிடைத்து மும்பைக்குப் போனான். அதோடு எல்லாம் நின்றது.

போன வருஷம் அந்தக் கேசட்டை யாரோ இணையத்தில் ஏற்றிவிட்டார்கள். அப்போது பிறந்தே இராதவர்கள் தேடிப் பிடித்துக் கேட்டார்கள். ஊர் திரும்பியிருந்த பெனிட்டோ, அபினைக் கூட்டிக்கொண்டு சுஜா வீட்டுக்கு வந்தான்.

“ஒரே ஒரு ஷோ சுஜா. நீ இல்லாம கொதிகலனே கெடியாது.”

“நாப்பத்தொம்போது வயசாவுதுடா எனக்கு. தொண்ட இன்னாத்துக்கு ஆவும்?”

“நாங்க கீறோம்ல,” என்றான் அபின்.

அடுக்குமாடி வீட்டில் கத்திப் பழக முடியாது. ஞாயிறுதோறும் பஸ் பிடித்து, வடக்கே கடலோரத்து நெட்டுக்குப்பம் போனாள். முகத்துவாரத்து மணலில், அனல்மின் நிலையத்தைப் பார்த்து நின்று கத்தினாள். முதல் வாரம் வெறும் காற்றுதான் வந்தது. வலை உதறிக்கொண்டிருந்த ஒருத்தி ஓடிவந்து, “இன்னாம்மா, யாராவது பூட்டாங்களா?” என்று கேட்டாள். எட்டாவது வாரம் குரல் வந்தது. பழைய குரல் இல்லை. கனமாக, கரகரத்து, அடிவயிற்றிலிருந்து வந்தது. அவளுக்கே அது பிடித்திருந்தது.

ஒத்திகையில் கேட்டுவிட்டு அபின் குச்சியைக் கீழே வைத்தான். “முன்ன விட பயங்கரமா கீது,” என்றான். பெனிட்டோ லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். சத்தத்தைச் சரிசெய்யத்தான் அது என்று சொல்லியிருந்தான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், துறைமுகச் சுவரை ஒட்டிய பழைய சரக்குக் கிட்டங்கியில் ஷோ. நானூறு பேர். கணவன் ஜெபசிங் காதில் பஞ்சோடு முன்வரிசையில் நின்றான். முதல் இரண்டு பாட்டும் நெருப்பாகப் போயின. மூன்றாவதில் திடீரென்று அவளுக்கு இருமல் வந்தது. மைக்கை விலக்கிக்கொண்டு குனிந்தாள்.

குரல் நிற்கவில்லை. ஸ்பீக்கரில் அலறிக்கொண்டே இருந்தது.

அவள் காதைத் தீட்டிக் கேட்டாள். அலறலுக்குப் பின்னால் சன்னமாக ஒரு குக்கர் விசில். அபின் வீட்டில் கேசட் பதிவு செய்த அன்று அவன் அம்மா சமையலறையில் வைத்த குக்கர் அது. மைக்கை உள்ளங்கையால் தட்டினாள். சத்தம் இல்லை. இவ்வளவு நேரமும் அவள் மைக் செத்துத்தான் கிடந்திருக்கிறது; கிடார் இரைச்சலில் அவளுக்கே தெரியவில்லை.

வாயை மூடினாள். பாட்டு முடியும்வரை கைகளைத் தொங்கவிட்டு அசையாமல் நின்றாள். கூட்டம் ஊளையிட்டுக் கைதட்டியது. அவள் இறங்கிப் பின்னால் போனாள். சாமான்களைத் தூக்கிக்கொண்டு இருவரும் அங்கே வந்தார்கள்.

“கேசட்டு வாய்ஸத்தான் சுஜா கேக்க வராங்க,” என்றான் பெனிட்டோ. “நட்டநடுவுல உன் தொண்ட பூட்ச்சுன்னா? ஒரு சேஃப்டிக்குதான்.”

அவள் அபின் பக்கம் திரும்பினாள். “உனக்குத் தெரியுமா?”

அவன் சிம்பல் தட்டின் திருகாணியைக் கழற்றிக்கொண்டிருந்தான். “மொத ஒத்திகைலயே தெரியும்.”

“அப்ப பயங்கரமா கீதுன்னு சொன்னது பொய்யா?”

“நெசமாத்தான் சொன்னேன்.”

பொய் என்று அவன் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். “நல்லா கீதுன்னு தெரிஞ்சேதானாடா ஆஃப் பண்ணீங்க?” என்றாள். பெனிட்டோ லேப்டாப்பை மூடிப் பைக்குள் வைத்தான்.

மறுநாளே அந்தக் காட்சி போன்களில் பரவியது. தன் இளமைக் குரலையே எதிர்கொண்டு ஒரு பெண் மௌனமாக நிற்கிறாள், என்ன துணிச்சலான கற்பனை என்று எழுதினார்கள். நாலாம் நாள் பெனிட்டோ அழைத்தான். அவன் குரலில் உற்சாகம் பொங்கியது.

“பெங்களூர்ல கூப்ட்றாங்க சுஜா. நீ கத்தவே வாணாம். அன்னிக்கு நின்னியே, அப்டியே நின்னா போதும்.”

“நான் கோவத்துல நின்னேன்டா.”

“அது பாக்கறவனுக்குத் தெர்லியே.”

அவள் வரமாட்டேன் என்றாள். அவர்கள் அவள் இல்லாமலேயே போனார்கள். திரையில் அவளுடைய பழைய புகைப்படத்தைப் போட்டு, கேசட்டை ஓடவிட்டார்கள். அதையும் அவள் ஆபீஸில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், அடுத்தவர் போனில்தான் பார்த்தாள்.

“வக்கீலப் பாப்பமா?” என்று ஜெபசிங் கேட்டான்.

“என்னன்னு சொல்ல? கத்துறது நான்தானே,” என்றாள்.

ஒரு மாதம் கழித்துக் காலடிப்பேட்டை பஸ் நிறுத்தத்தில் அபினைப் பார்த்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு, “சுஜா, ஒரு நிமிஷம்,” என்று அவளை நோக்கி வந்தான். அப்போது ஒரு பஸ் வந்து நின்றது. எங்கே போகிறது என்று பார்க்காமல் அதில் ஏறிக்கொண்டாள்.