போனில் கேட்காத சத்தம்

நானும் என் மனைவியும் வேப்பம்பட்டில் ஒரு மாடி வீட்டுக்குக் குடிபோனபோது, சோபாவுக்கு முன்னால் ஹோம் தியேட்டர் வந்து சேர்ந்தது. கேட்டது அவள்தான். அவள் நர்ஸ். டியூட்டி முடிந்து வந்ததும் ஒரு படம் போட வேண்டும், படத்தில் இடி இடித்தால் நெஞ்சுக்குள் இறங்க வேண்டும். நான் காக்களூரில் தகடு வெட்டும் பட்டறையில் இருக்கிறேன். பகல் முழுக்க மெஷினின் அதிர்வில் நிற்கிறவனுக்கு வீட்டிலும் இடி எதற்கு?

சண்டை எல்லாம் மூலையில் இருந்த அந்தக் கறுப்புப் பெட்டி, சப்வூஃபரைப் பற்றித்தான். டி.வி. சேனலில் வருவது இரண்டு ஸ்பீக்கருக்கான ஒலி. ஆம்ப் என்கிற ஆம்ப்ளிஃபயர்தான் அதிலிருந்து கனமான சத்தத்தைப் பிரித்துப் பெட்டிக்கு அனுப்பும். ஆன்லைன் படங்களில் பெட்டிக்கென்றே தனித்தடம் இருக்கும். டிஸ்க் போட்டால் எங்கள் வீட்டில் அது இன்னும் முரட்டுத்தனமாக வரும். ஒன்றுக்கு வைத்த அளவு மற்றதற்கு ஆகாது. ஒவ்வொரு வகைக்கும் தனி அளவை ஆம்ப் நினைவில் வைத்துக்கொள்ளும் என்று கண்டுபிடித்த நாளில் சண்டை மூன்று மடங்கானது. நான் குளிக்கப் போனால் அவள் மூன்றையும் ஏற்றுவாள். அவள் டியூட்டிக்குப் போனால் நான் மூன்றையும் இறக்குவேன்.

ஒருநாள் கீழ்வீட்டு அக்கா படியேறி வந்தார். "இன்னா தம்பி, சமையல்கட்டுல டப்பாலாம் ஆடிக்கினு கீது?"

"அவர்தாங்க்கா ஏத்தி வெச்சிட்டாரு" என்றாள் என் மனைவி, முகத்தில் சின்னச் சிரிப்புகூட இல்லாமல்.

பிறகு அவளுக்கு மஸ்கட்டில் ஒரு மருத்துவமனையில் வேலை கிடைத்தது. அவள் விமானம் ஏறிய வாரத்து ஞாயிற்றுக்கிழமை நான் தனியாகப் படம் போட்டேன். முதல் காட்சியிலேயே ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கிளம்புவதற்கு முன் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறாள். இறக்குவதற்கு ரிமோட்டைக் கையில் எடுத்தேன். படம் முடியும்வரை அது கையிலேயே இருந்தது. நான் எதையும் அழுத்தவில்லை.

அவளுக்கு லீவு கிடைக்கும் நாட்களில் வீடியோ கால் போட்டு, சோபாவில் அவள் உட்காரும் பக்கத்தில் தலையணை வைத்து, போனை டி.வி.யைப் பார்க்கச் சாய்த்து வைப்பேன். இருவருமாகப் படம் பார்ப்போம்.

"பேசறது கேக்குது. இடி கேக்கவே இல்லியே" என்றாள் ஒருநாள்.

"இங்க செவுரே ஆடுது மா."

"எனக்கு டப்பாவ தட்டற மாதிரி கீது."

அந்தச் சத்தம் போனுக்குள் நுழையாது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சமையலறைக்குப் போய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து சப்வூஃபரின் மேல் வைத்தேன். போனை அதன் அருகே பிடித்துக்கொண்டு அந்தக் காட்சியை மறுபடி ஓட்டினேன். தண்ணீரில் வட்டம் வட்டமாக நடுக்கம் எழுந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஏத்துங்க, பாக்கலாம்."

ஏற்றினேன். தண்ணீர் விளிம்பு தாண்டித் தெறித்தது. சிரிப்பு சட்டென்று நின்றது. லைன் கட்டாகிவிட்டதோ என்று திரையைத் திருப்பிப் பார்த்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

போன மே மாதம் லீவில் வந்தாள். அவள் வருவதற்கு முன்பே மூன்று வகைக்கும் அவள் வைக்கும் அளவை வைத்தேன். கீழ்வீட்டு அக்காவிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். சாயங்காலம் டிஸ்க்கைப் போட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் இடி விழுந்ததும் தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"கொஞ்சம் கம்மி பண்ணுங்க."

குறைத்தேன்.

"இன்னும்."

பேச்சு மட்டும் கேட்கும் அளவுக்கு வந்தது. "அங்க வார்டுல எந்நேரமும் மிஷின் கத்திக்கினே இருக்கும். ஊட்ல சும்மா ஒக்காந்தா போதும்னு கீது" என்றாள். சற்று நேரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள். வருஷக்கணக்கில் நான் கேட்டுக்கொண்டிருந்த அமைதி அது. ஆனாலும் அவள் விழித்து, ரிமோட்டைப் பிடுங்கி, என்னோடு மல்லுக்கட்ட மாட்டாளா என்று மனம் அடித்துக்கொண்டது.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தோம். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

"அடுத்த தடவ மழ சீசன்ல லீவு கேக்கறேன்" என்றாள். "அங்க மழயே பாக்க முடியல. ஒரு நாளாவது நல்லா நனையணும்."

"குடுப்பாங்களா?"

"கேட்டுப் பாக்கறேன்."

நவம்பருக்குக் கேட்டிருக்கிறாளாம். இன்னும் பதில் வரவில்லை.