மெக்சிகோ கிளப்பும் என் வெள்ளைச் சட்டையும்

பெண் பார்க்கப் போகிறவன் வழியில் எதையும் தின்னக் கூடாது. சேத்தூரில் வாத்தியார் வேலை பார்க்கும் நான் இதைத் தெரிந்துகொண்டது, போர்க்காலத்தில் ஒரு தை மாதச் சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் வழியில். அதற்கு முன்பே இரண்டு வீடுகளில் என்னைத் தட்டிக்கழித்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லையாம். பொய்யில்லை. இந்த வீடும் கைவிட்டால் இனி பெண் தேடமாட்டேன் என்று அம்மா சொல்லியிருந்தாள்.

ராஜபாளையம் வரை, பெட்ரோல் பஞ்சத்தால் அடுப்புக்கரிப் புகையில் ஓடும் கரி பஸ். ஐந்து மைல்தான்; உட்கார்ந்ததைவிட இறங்கித் தள்ளியதே அதிகம். அங்கே போனால் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸுக்கு அடுப்பே பற்றவில்லை. இன்னும் ஏழு மைல் பாக்கி.

"செத்த நேரம் ஆகும்" என்றார் டிரைவர்.

"எம்புட்டு நேரம்?" என்று கேட்டேன். முறைத்தார்.

நிற்கவும் முடியாமல் இருக்கவும் முடியாமல் தெருவை அளந்துகொண்டிருந்தபோதுதான் மெக்சிகோ கிளப் கண்ணில் பட்டது. கப்பலில் கரி தள்ளி மெக்சிகோ வரை போய் ஊர் திரும்பிய ஒருவர் நடத்தும் சாப்பாட்டுக் கடை. சுவரெல்லாம் கிளிப்பச்சை, தலைக்கு மேலே ரோஸ் காகிதத் தோரணம். சுவரில் குடை மாதிரித் தொப்பி வைத்த ஆள். மீசையைப் பார்த்தால் நம்மூர் அய்யனார். பக்கத்தில் ஒரு சப்பாத்திக்கள்ளி. கள்ளியைப் பார்க்க மெக்சிகோ எதற்கு, கடைக்குப் பின்னால் போனால் போதாதா!

பண்டத்தின் பெயர் டாக்கோ. ஒன்று ஓரணா. மக்காச்சோள ரொட்டிக்குள் ஆட்டுக்கறி, பச்சை வெங்காயம், வத்திராயிருப்பு மாங்காய் ஊறுகாய் வைத்து, எலுமிச்சை பிழிந்து, மடித்துத் தருகிறார். பக்கத்து மேசைக்காரர்கள் மடிப்பைப் பிரித்து இலையில் பரப்பி, குழம்பு ஊற்றச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடைக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

நான் வலது கையால் எடுத்தேன். கறி சரிந்தது.

"ரெண்டு கையாலயும் புடிங்கய்யா!" என்று கத்தினார் கடைக்காரர்.

"எடக்கையாலயா? நாலு பேரு பாக்கவா?"

"அந்த ஊர்ல எல்லாரும் அப்படித்தான் திங்காவ. இல்லன்னா சட்டையிலதான் விழும்."

கூச்சத்தோடு இடது கையையும் கொடுத்தேன். ருசியோ ருசி. அன்று முதல் முறையாக என் கால் ஆடாமல் நின்றது. அந்த நேரம் பார்த்து பஸ் உறுமியது. துள்ளி எழுந்தேன். மஞ்சள் எண்ணெய் சட்டையில் நெஞ்சோடு கோடு போட்டு இறங்கியது.

பெண் வீட்டில் இடது கையால் நெஞ்சைப் பொத்தியபடி உட்கார்ந்திருந்தேன். "நெஞ்சு வலிக்கா?" என்றார் பெண்ணின் அப்பா. அதற்குள் பெண் காப்பி கொண்டுவந்துவிட்டாள். டவராவில் ஊற்றி ஆற்ற இரண்டு கையும் வேண்டுமே! கையை எடுத்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

"என்னட்டி சிரிப்பு?" என்று அதட்டினார்.

"அண்ணன் சட்டையிலயும் இதே எடத்துலதாம்ப்பா கறை. இவிய மெக்சிகோ கிளப்புல தின்னுட்டு வந்திருக்காவ."

அங்கே எப்படித் தின்பார்கள் என்று மகனால் அவருக்குத் தெரியும் போல; முகம் கறுத்தது. "எடக்கையும் வச்சா தின்னீரு?"

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. "ஆமாய்யா. விட்டா விழுந்துருமே" என்றேன். என் கால் ஆட ஆரம்பித்தது.

"அண்ணன் எனக்கு ஒரு தடவகூட வாங்கிட்டு வந்ததில்ல" என்றாள் அவள். அப்பாவைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னாள்.

மெக்சிகோ கிளப்புக்குப் போக நினைப்பவர்களுக்கு: வெள்ளைச் சட்டை வேண்டாம். குழம்பு கேட்காதீர்கள். தனியாகவும் போகாதீர்கள். நான் தின்னும்போது மோவாய்க்குக் கீழே இலையை ஏந்திப் பிடிக்க இப்போது ஆள் இருக்கிறாள். பஸ் உறுமினால் தோளை அழுத்துவதும் அவள்தான். "அடுத்த பஸ் வரும். உக்காருங்க."

உட்கார்ந்துவிடுகிறேன்.