அண்ணாச்சி கொடுத்த முள்ளிச் செடி

நம் கம்பெனி நண்பர்கள் வாட்ஸப் குழுவில் தங்கச்சாமி அண்ணாச்சியின் படம் வந்தபோது, யாரோ பிறந்தநாள் வாழ்த்துப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். அடையாள அட்டைக்கு எடுத்த பழைய படம். மீசை கருகருவென்று இருந்தது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்த பிறகுதான், முந்தின இரவு ராஜபாளையம் வீட்டில் தூக்கத்திலேயே போய்விட்டார் என்று தெரிந்தது. அன்று செவ்வாய்க்கிழமை. ஞாயிறன்று என் வீட்டில் காபி குடித்துவிட்டு, "வாரேன் டைப்பிஸ்டம்மா" என்று சொல்லிப் போனவர். எனக்கு அழுகைக்குப் பதில் கோபம்தான் வந்தது. சொன்ன சொல்லுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?

உங்களில் பலருக்கு அவரைப் பாய்லர் தங்கச்சாமியாகத்தான் தெரியும். பேண்டேஜ் துணி வெளுக்கிற பிரிவில் பாய்லர் பக்கத்திலேயே நின்று பழகியதால், வெளியிலும் கத்தித்தான் பேசுவார். ஆபீஸ் பக்கம் அவர் வருவதே லீவு லெட்டர் டைப் அடிக்கத்தான். என்ன காரணம் போடட்டும் என்று கேட்டால், "காய்ச்சல்னே போடுங்க. எதுக்குப் போனாலும் நமக்குக் காய்ச்சல்தான்" என்பார். டைப்ரைட்டரைப் பழைய இரும்புக்குப் போட்டு எத்தனையோ காலம் ஆகியும் நான் அவருக்கு டைப்பிஸ்டம்மாதான்.

என் கணவர் இறந்தபோது நீங்கள் எல்லோரும் துஷ்டி கேட்க வேன் பிடித்து மடவார் வளாகத்தில் என் வீட்டுக்கு வந்தீர்கள். அண்ணாச்சி அன்று வரவில்லை. எல்லோரும் வந்து போய், வீடு ஓய்ந்து கிடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக வந்தார். அவர் மனைவி போய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகியிருக்கவில்லை. கையில் பழப் பைக்குப் பதிலாகக் கறுப்பு பாலிதீன் பையில் ஒரு செடி. "ஆப்பிள் ரெண்டு நாள்ல தீந்துரும். இது கெடக்கும்" என்றார். குமுளியில் ஒரு நர்சரியில் வாங்கியதாம். அகாந்தஸ் என்று பெயர் சொன்னார்களாம். இலை ஓரமெல்லாம் முள்ளாக இருந்ததால் அண்ணாச்சி வாயில் அது முள்ளி ஆகிவிட்டது. அவருடைய சந்து வீட்டில் மண்ணே கிடையாது. என் வீட்டுக் கொல்லையில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், நிழலும் ஈரமுமாக ஓர் இடம் பார்த்து அவரே குழி தோண்டி வைத்தார்.

அந்த இடம் அதற்கு ரொம்பவே பிடித்துப்போனது. முழங்கை நீளத்துக்குக் கரும்பச்சை இலைகள். இரண்டாவது மழைக்குப் பிறகு நடுவிலிருந்து ஒரு தண்டு நேராகக் கிளம்பி, அடுக்கடுக்காக வெளிர் ரோஸ் நிறத்தில் பூத்தது. தெருவே வந்து பார்த்தது. அடுத்த வருஷம் கனகாம்பரப் பாத்தியில் முள்ளி முளைத்தது. பிறகு மல்லிகைக்கு அடியில், செப்டிக் டேங்க் ஓரத்தில், நடைபாதைச் செங்கல் இடுக்கில். பூப் பறிக்கக் கையை விட்டால் குத்தியது. வேர் மண்ணுக்கடியில் ஓடுகிறது என்பது எனக்குத் தாமதமாகத்தான் உறைத்தது. போனில் சொன்னேன்.

மறுநாளே கடப்பாரையும் மண்வெட்டியுமாக ஆட்டோவில் வந்து இறங்கிவிட்டார். பகல் முழுக்கக் கொத்தினார். கொல்லையே உழுத வயல் மாதிரி ஆனது. "இனி மொளைச்சா என் பேரை மாத்திக் கூப்பிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். ஐப்பசி மழை பெய்து ஓய்ந்ததும், அவர் துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருந்த ஒவ்வொரு வேரிலிருந்தும் ஒரு முள்ளி எழுந்து நின்றது. நான் போன் போட்டு, உங்களுக்கு என்ன பெயர் வைக்கட்டும் என்று கேட்டேன். போனிலேயே சத்தமாகச் சிரித்தார். மனைவி போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நேரில் வந்து பார்த்தவர், மருந்தடிக்கலாம் என்றார். பக்கத்திலேயே கிணறு இருக்கிறது, வேண்டாம் என்றேன். காபியை ஆற்றிக்கொண்டே யோசித்தவர் சொன்னார்: "பாய்லருக்கு வெறகு போடாட்டா எம்புட்டு நேரம் ஓடும்? இலைதான் அதுக்கு வெறகு. விரிய விடாம வாராவாரம் அறுத்துக்கிட்டே வந்தா வேரு தானா ஓஞ்சிரும்." அறுப்பதை நானே செய்கிறேன் என்றதற்கு, என் கண்ணுக்குக் குருத்து தெரியாது என்று சொல்லிவிட்டார். கண்ணாடி போட்டால் நான் ஊசியில் நூல் கோத்துவிடுவேன். ஆனாலும் மறுத்துப் பேசவில்லை.

அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைகள் ஆரம்பித்தன. ராஜபாளையத்தில் பஸ் ஏறி வருவார். பேப்பரில் சுற்றிய சிறு கத்தி ஒன்று பையில் இருக்கும். குனிந்து குனிந்து, விரல் நீளக் குருத்தையெல்லாம் மண்ணுக்குள்ளேயே அறுத்து எடுப்பார். ஆரம்பத்திலேயே கிணற்றுச் சிமெண்ட் உறை ஒன்றைப் புதைத்து அதற்குள் நட்டிருந்தால் வேர் ஓடியிருக்காது என்று வாரம் தவறாமல் வருத்தப்படுவார். பிறகு காபி. கம்பெனிக் கதை கொஞ்சம், மூட்டு வலி கொஞ்சம். அதற்குமேல் பேச்சு இருக்காது. எனக்கு அது போதும். மற்ற ஆறு நாளும் என் வீட்டில் குரல் என்றால் டிவியின் குரல்தான்.

ஒரு கோடையில் குருத்து குறைந்தது. அடுத்த மழைக்கு ஒன்றுமே வரவில்லை. அண்ணாச்சி கொல்லையைச் சுற்றிவந்து, கத்தி நுனியால் கிளறிப் பார்த்து, "இந்த வாரம் ஒண்ணும் காணோம்" என்றார். மறுவாரமும் அதையே சொன்னார். அதற்குப் பிறகு அதைச் சொல்வதையும் விட்டுவிட்டார். வருவார், குனிந்து பார்ப்பார், கை கழுவுவார், காபி குடிப்பார். செடி செத்துப்போயிற்று என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. எனக்குப் பயம். சொல்லிவிட்டால் கத்தியைச் சுருட்டிக்கொண்டு, சரி டைப்பிஸ்டம்மா, வேலை முடிந்தது என்று போய்விடுவாரோ என்ற பயம். "செடியே இல்லையே, அவிய எதுக்கு வாராக?" என்று எதிர்வீட்டு அம்மா ஒரு நாள் கேட்டே விட்டாள். வேர் உள்ளே இருக்கும் என்றேன்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், ஓசூரிலிருந்து வந்திருந்த அவர் மகள் ஜெயந்தி என் வீட்டுக்கு வந்தாள். வருஷா வருஷம் அப்பாவை அங்கேயே வந்துவிடச் சொன்னாளாம். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தானாம்: "டைப்பிஸ்டம்மா வீட்டுல செடி இன்னும் சாகலை தாயி. நான் குடுத்தது. அதை முடிச்சுட்டு வாரேன்." கடைசியாகப் பேசியபோதும் அதையே சொல்லியிருக்கிறார்.

"அந்தச் செடியை ஒரு தடவை பாக்கணும் அத்தை" என்றாள்.

கொல்லைக்குக் கூட்டிப்போனேன். துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வெறும் மண்தான் இருந்தது. வேர் உள்ளே இருக்கிறது என்று அவளிடமும் சொல்லியிருக்கலாம். கொடுத்த வாக்குக்காக அப்பா இங்கே இருந்துவிட்டார் என்று அவள் மனம் ஆறியிருக்கும். ஆனால் செடி இல்லாமலும் அவர் வந்த அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளையும் நானே இல்லையென்று ஆக்க எனக்கு மனம் வரவில்லை. அது செத்து இரண்டு மழை ஆகிவிட்டது என்றேன்.

"பிறகு அப்பா எதுக்கு வந்தாங்க?"

"சும்மாதாம்மா வந்தாக."

அவள் மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றாள். "நான் ஒரு தடவைகூடச் சும்மா வாங்கன்னு கூப்பிடலை அத்தை. பிள்ளையைப் பாத்துக்கிடணும், வீட்டைப் பாத்துக்கிடணும்னு ஏதாவது ஒரு வேலையைச் சொல்லித்தான் கூப்பிட்டேன்" என்றாள். அந்தக் கல்லில் உட்கார்ந்து அழுதாள். செய்தி வந்த நாளிலிருந்து வராத அழுகை எனக்கும் அப்போதுதான் வந்தது.

அவளும் ஓசூருக்குப் போய்விட்டாள். ஒரு வேலையும் இல்லாமல், என்னைப் பார்ப்பதற்கென்றே ஒரு மனிதர் பஸ் ஏறி வந்துகொண்டிருந்தார் என்பதை மட்டும் அண்ணாச்சியிடமிருந்து எனக்கென்று வைத்துக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் அது போதவில்லை. கொல்லைக்குப் போய்க் குனிந்து பார்க்கிறேன். ஒரு குருத்தாவது தலை காட்டாதா என்று மண்ணைக் கிளறுகிறேன். ஒன்றும் இல்லை. அண்ணாச்சி எடுத்த வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.