சம்பந்திக்கு ஒரு வெள்ளைச் சேலை

முன்னறையில் எவர்சில்வர் தட்டு ஒன்று தரையில் விழுந்து, சுழன்று சுழன்று அடங்கியது. கூடவே, "ஐயோ!" என்று ஒரு பெண்குரல்.

அடுப்படியில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த சாலோமி டம்ளரைக் கீழே வைத்தாள். அலறியது சம்பந்தியம்மாள் அல்லவா! மகள் ரீபாவின் மாமியார் ஆவுடைத்தாய், கல்யாணம் முடிந்து இன்றைக்குத்தான் முதன்முதலாக இந்த வீட்டுப் படியை மிதித்திருக்கிறாள். கிறிஸ்மஸுக்கு இரண்டு நாள் இருக்க, சொல்லாமல் கொள்ளாமல், திருநெல்வேலி டவுணிலிருந்து ஆட்டோ பிடித்து.

ஓடிவந்து பார்த்தாள். அச்சுமுறுக்கு அறை முழுக்கச் சிதறிக் கிடந்தது. கிறிஸ்மஸுக்குத் தாய்வீடு வந்திருந்த ரீபா, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். ஆவுடைத்தாய் பாம்பைக் கண்டவள்போலச் சுவரோடு ஒட்டியிருந்தாள். அவள் காலடியில், சாலோமி சற்றுமுன் ஆசை ஆசையாய்க் கையில் கொடுத்துவிட்டுப் போன காலண்டர் தாள் பொட்டலம் பிரிந்து கிடந்தது. அதிலிருந்து சரிந்திருந்தது ஒரு வெள்ளைச் சேலை.

"என்ன மதினி? ஏதும் கடிச்சிட்டா?"

சாலோமி உறவு கொண்டாடி வாய்க்கு வாய் மதினி என்பாள். ஆவுடைத்தாய் ஒருநாளும் பதிலுக்கு அப்படி அழைத்ததில்லை. 'ரீபா அம்மா' என்பதோடு சரி. வேதக்கார வீட்டுக் கிறிஸ்தவப் பெண்ணை மகன் விரும்பிக் கட்டிக்கொண்ட வருத்தம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

"இது யாருக்கு?" என்றாள் ஆவுடைத்தாய்.

"உங்களுக்குத்தான். நானே என் கையால..."

"எனக்கு வெள்ளச் சேலையா? அவாளுக்கு நாளைக்குக் காலையில நெஞ்சத் திறந்து ஆபரேசன்! மருமகளப் பாக்கணும்னு சொன்னாவளேன்னு கூப்பிட வந்தேன். வந்த எடத்துல இதத் தூக்கிக் கையில குடுக்கீங்களே! உங்களுக்கு ஆன கதி எனக்கும் ஆகணும்னு ஜெபம் பண்ணுனீங்களோ?"

இடி விழுந்தால்கூட அந்த வீடு அப்படிக் குலுங்கியிருக்காது.

"மாமாவுக்கா? ஆபரேசனா?" ரீபா அலறினாள். "எங்கிட்ட யாருமே சொல்லலையே அத்தை!"

"பண்டிகைக்குப் போற பிள்ளைட்ட சொல்ல வேண்டாம்னு அவாதான் வாயக் கட்டிட்டாவ."

சாலோமி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மகளின் வாழ்வில் தன் கையாலேயே தீ வைத்துவிட்டோமே என்று நெற்றியில் அறைந்துகொண்டாள்.

அவள் பள்ளிக்கூடச் சத்துணவுக் கூடத்தில் உதவியாள். கணவர் ஞானையா இறந்துபோன பிறகு, கடையில் பரிசு வாங்கிக் கொடுக்க வழியில்லை. வெறுங்கையோடு பண்டிகை கொண்டாட மனமும் இல்லை. அதனால் எல்லாமே கைவேலைதான். கிழிந்த சட்டையில் அடுப்படிக் கைப்பிடித் துணி, எரிந்து மிஞ்சிய மெழுகுவத்தித் துண்டுகளை உருக்கிச் சிரட்டையில் ஊற்றிய விளக்கு, பழைய பட்டு ரவிக்கையில் வேதப்புத்தக உறை. "மதினி, எங்க வீட்டுல உங்க பரிசு இல்லாத மூலையே இல்ல. அடுத்த வருசம் எனக்கு ஒரு மூலையும் சேத்துத் தச்சுத் தாங்க" என்று கொழுந்தன் எபனேசர் கேலி செய்வான். ஆனால் அவன் மனைவி அந்தக் கைப்பிடித் துணி இல்லாமல் சட்டி இறக்க மாட்டாள்.

இந்த வருஷம் சம்பந்தியம்மாளின் மனதைக் குளிர்விக்க வேண்டும் என்று, மகளுக்கும் தெரியாமல் தைத்தாள். மலிவான 'வாயில்' பருத்திச் சேலை. தையல்கடையில் கழித்துப்போட்ட நூல்கண்டில் உடம்பெல்லாம் வெள்ளைப் பூ. வெள்ளை உடுத்திய கைம்பெண்களை அவளும் பார்த்தவள்தான். ஆனால் பாளையங்கோட்டை வேதக்கோயிலில் வளர்ந்தவளுக்கு வெள்ளை என்றால் முதலில் நினைவு வருவது மணப்பெண். தனக்குத் தெரிந்ததிலேயே உயர்ந்ததைத்தான் தைத்தாள். அதுதான் கொலைக் குற்றமாகிவிட்டது.

சாலோமி எழுந்துபோய், சுவரில் தொங்கிய கல்யாணப் படத்தைக் கழற்றிவந்து ஆவுடைத்தாயின் முன் நீட்டினாள். ஞானையாவின் பக்கத்தில், தலை முதல் கால்வரை வெள்ளையில், வெட்கத்தோடு நின்றாள் இருபது வயதுச் சாலோமி.

"நான் சுமங்கலியா நின்ன சேலையும் வெள்ளதான் மதினி. எங்களுக்கு இதவிட நல்ல சேல கெடையாது. எம்புத்திக்கு அதுக்கு மேல ஓடல."

ஆவுடைத்தாய் படத்தையே பார்த்தாள். கண் நிறைந்தது. ஆனால் கை மட்டும் சேலையைத் தொட மறுத்தது. "புரியுது. ஆனா நான் எப்படி இத வீட்டுக்குக் கொண்டுபோவேன்? இன்னைக்கு..."

சாலோமி சேலையை வாரிச் சுருட்டிக்கொண்டு பின்கட்டுக்கு நடந்தாள். கிறிஸ்மஸ் குழம்புக்குத் திரித்து வைத்திருந்த மஞ்சள்தூளை டப்பாவோடு வாளித் தண்ணீரில் கவிழ்த்தாள்.

"அம்மா! என்ன பண்ணுதே? அவ்வளவும் பாழாப் போயிருமே!" ரீபா ஓடிவந்து தடுப்பதற்குள், இத்தனை மாத உழைப்பும் மஞ்சளுக்குள் முங்கிவிட்டது.

பின்னாலேயே வந்த ஆவுடைத்தாய் திகைத்து நின்றாள். "ஐயோ, கண்ணு நோகத் தச்சத..."

"கண்ணு என் கண்ணுதான மதினி. அண்ணாச்சி நல்லா எந்திரிச்சு வரட்டும்."

சற்றுப் பொறுத்து சேலையைப் பிழிந்து உதறியபோது மூன்று பேருக்கும் மூச்சே நின்றுவிட்டது. துணி முழுக்க மங்கல மஞ்சள். ஆனால் பூக்கள் ஒன்றிலும் சாயம் ஏறவில்லை. பூ தைத்தது பருத்தி நூலில் அல்ல, சாயம் பிடிக்காத மலிவான பாலியெஸ்டர் மெஷின் நூலில். வெள்ளைமேல் வெள்ளையாய் யார் கண்ணுக்கும் படாமல் கிடந்த அத்தனையும், மஞ்சளின் மேல் மல்லிகையை அள்ளி இறைத்ததுபோல் பூத்து நின்றன.

ஆவுடைத்தாய் ஈரம் சொட்டச் சொட்ட அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வெள்ளைச் சுவரெல்லாம் மஞ்சள் தெறித்தது.

ரீபா பையைத் தூக்கிக்கொண்டு, மாமனாரைப் பார்க்க முன்னதாகவே ஆட்டோவுக்குப் போய்விட்டாள். கீழே கிடந்த முறுக்குகளில் உடையாத ஒன்றைத் தேடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள் ஆவுடைத்தாய். "அவா கண் முழிச்சதும் குடுக்கணும்" என்றாள், கண்ணைத் துடைத்துச் சிரிக்க முயன்றபடி. சேலையை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கியவள் ஒருகணம் திரும்பினாள்.

"மழ வாராப்புல இருக்கு மதினி. கதவச் சாத்திக்கோங்க. காலையில தகவல் சொல்லுதேன்."

மதினி! காதில் விழுந்தது நிஜம்தானா என்று சாலோமி நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆட்டோ தெருமுனை திரும்பியது. மஞ்சள் கையின் ஐந்து விரலும் கதவில் பதிய, அவள் மெல்லச் சாத்தினாள்.