கேரல் பட்டியலில் ஒரு வீடு

டிசம்பர் பிறந்ததும் எங்கள் சித்தூர் சபையில் கிறிஸ்துமஸ் கேரல் பாடப் போகும் வீடுகளின் பட்டியலைப் பாடகர் குழு மாஸ்டர் நீல மையில் தம் கையாலேயே எழுதுவார். குடும்பத்துக்குப் பட்டியலில் ஒரு வரி, வீட்டுக்கு இரண்டு பாட்டு. ஆயர் வீட்டுக்கும் இரண்டுதான். தனி ஆளுக்கு வரி கிடையாது. கல்யாணமாகாதவன் வீட்டில் கேக் இருக்காது என்று முன்னோர் யாரோ கண்டுபிடித்திருக்க வேண்டும். இருபது வருடங்களாக ஊரார் வாசலில் டெனர் குரலில் பாடிய என் வாசலில் யாரும் பாடியதில்லை.

ஒரு வருடம் அந்தப் பட்டியலில் திருப்பதி முகவரி ஒன்று இருந்தது. ஒரே வரியில் இரண்டு ஆண் பெயர்கள். ஆறு மாதமாக ஞாயிறுதோறும் பஸ் ஏறி வந்து எங்களோடு பாடிய இளைஞனும் அவன் துணைவனும். கமிட்டிக்காரர் ஒருவர், "இன்னா மாஸ்டர், இது குடும்பமா?" என்றார்.

"ஒண்ணா ஆக்கித் துன்றாங்க, ஒண்ணா ஜெபம் பண்றாங்க, சண்டையும் போட்டுக்கினு கீறாங்க. உன் வீட்ல வேற இன்னா நடக்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நானும் அவனைப் போன்றவன்தான். நாற்பத்தெட்டு வயதுவரை 'பொண்ணு அமையல' என்று சமாளித்தவன். நான் வாழ்நாளெல்லாம் விழுங்கியதை அவன் ஆறே மாதத்தில் சொல்லிவிட்டு, கேக்கும் வாங்கி வைத்துவிட்டான். வயிறு எரிந்தது.

ஞாயிறு மதியம் அவர்கள் வீட்டு மாடிப்படியில் வரிசையாக நின்று நான்கு குரலில் பாடினோம். மலையிலிருந்து மொட்டையடித்துத் திரும்பிய பக்கத்து வீட்டுக் குடும்பமும் நின்று கேட்டது. இளைஞன் அழுதான், மற்றவன் தன் சட்டைக் கையால் துடைத்துவிட்டான். மாஸ்டர் மூன்றாவது பாட்டுக்குக் கை உயர்த்தினார். மூன்றாவது! என் சுதி இறங்கிவிட்டது.

திரும்பும் வேனில் மாஸ்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "சுதி எறங்கிச்சே, இன்னா ஆச்சி?"

"சளி, சார்."

"எத்தினி வருஷமா?"

சந்திரகிரி வந்ததும் ஜன்னலை மூடினேன், சளி என்று சொல்லியாயிற்றே. "உன் பேரையும் எழுதட்டா? ஒத்த ஆளுன்னாலும் வீடு வீடுதான்" என்றார்.

"வீட்டுக்கு வெள்ளையடிக்கணும் சார்" என்றேன். வேறு பொய் சட்டென்று கிடைக்கவில்லை. அடுத்த டிசம்பருக்குள் மாஸ்டர் காலமாகிவிட்டார்.

இப்போது குழுவை நடத்துவது அந்த இளைஞன்தான். அந்த வேலைக்கும் நான் ஆசைப்பட்டிருந்தேன் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. போன வாரம் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தவன் எதிரில் போய் உட்கார்ந்து என் தெருவின் பெயரைச் சொன்னேன்.

"யார் யார் பேரு அண்ணா?"

"என் பேரு மட்டும். நானும் உன்ன மாதிரிதான்பா. கூட இருக்கத்தான் ஆள் இல்ல."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு குனிந்து, நிதானமாக என் பெயரை எழுதினான். கையெழுத்தும் பாவிக்கு அழகாக இருந்தது.